வண்டி இருக்கட்டும், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்? – பழைய ஸ்கூட்டர்காரர்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஸ்கூட்டர் வைத்திருக்கிறவர் ஒன்று மெக்கானிக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலைவெட்டி இல்லாதவராக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. நான் இரண்டும் இல்லை. பகலில் மருந்தாளுநர், சாயங்காலம் பெட்ரோலில் ஆயில் கலக்குகிறவன். ஸ்கூட்டர்காரர்களோடு பழக ஆரம்பித்து இருபது வருடம் ஆகப் போகிறது. எங்களைப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும், பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டிய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றித்தான் அதிகம் வரும். எனக்குக் கை பழகியது அவற்றில்தான்.

ஸ்கூட்டர்காரர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் வேலையைப் பற்றி விசாரிப்பார்களா?

மாட்டார்கள். வண்டி எந்த வருடம், இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒத்துப்போகிறதா, பெயின்ட் கம்பெனி பெயின்டா பிறகு அடித்ததா, இதெல்லாம்தான் முதலில். அடுத்து கார்புரேட்டர், அதாவது பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் பாகம். அதற்குப் பிறகு, இந்த வண்டி எங்கே யாரிடம் கிடந்தது என்ற கதை. கதை என்றால் சின்னக் கதை இல்லை; மாட்டுக் கொட்டகை, வைக்கோல், சொந்தக்காரர்களின் சண்டை எல்லாம் சேர்ந்தது. "ஆமா, நீங்க என்ன பண்றீங்க?" என்ற கேள்வி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது வந்தால் உண்டு.

பணிவினால் அப்படி இல்லை. தரையில் ஒரு முழங்காலை ஊன்றி, இன்ஜினுக்கு அடியில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கும்போது எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிகிறோம். யார் மேனேஜர், யார் வெல்டர் என்று அந்த நிலையில் கண்டுபிடிக்க முடியாது.

சரி, பொதுவாக என்னென்ன வேலையில் இருக்கிறார்கள்?

எனக்குத் தெரிந்த வட்டத்தை மட்டும் சொல்கிறேன். பள்ளி ஆசிரியர்கள், அதிலும் இயற்பியல், வேதியியல் சொல்லித்தருகிறவர்கள். எலக்ட்ரீஷியன்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள். செவிலியர்கள் இருவர். ஒரு பல் மருத்துவர். வங்கிக்காரர்கள். அச்சகத்தில் மை கலக்குகிற ஒருவர் (பழைய பெயின்ட் நிறத்தைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார்). தையல்காரர். லாரி ஓட்டுநர். பத்திர எழுத்தர். லேத்து போட்டிருப்பவர். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பராமரிக்கிற ஒரு பெண். மருந்தாளுநர் நான் ஒருவன்தான்.

நாள் முழுவதும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறவர்கள் கொஞ்சம் அதிகமாக இருப்பதுபோல் எனக்குப் படுகிறது. அவர்களில் ஒருவரிடம் காரணம் கேட்டேன். "ஆபீஸ்ல ஒரு தப்பைச் சரி பண்ணா இன்னொரு தப்பு வரும். இங்கயும் அப்படித்தான். ஆனா இங்க அது கையில தட்டுப்படும்" என்றார்.

மெக்கானிக்குகள் எவ்வளவு பேர்?

எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்கள்; மெக்கானிக்கின் வண்டி அந்த வகை. அடுத்தவர் வண்டிகளைப் பகல் பூராவும் பிரித்து மாட்டியவருக்கு, ராத்திரி தன் வண்டியின் பிரேக்கைத் தொடவே மனசு வராது. எனக்குத் தெரிந்த மிக நல்ல மெக்கானிக் ஒருவர், தன் ஸ்கூட்டரின் ஹாரன் பட்டன் உடைந்ததிலிருந்து இரண்டு ஒயர் நுனிகளைத் தொட வைத்துத்தான் ஹாரன் அடிக்கிறார். கேட்டால் "சத்தம் வருதுல்ல?" என்பார்.

ஸ்கூட்டரை உருவாக்கியவராவது மெக்கானிக்தானே?

அதுவும் இல்லை. இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடிக்கும், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

இத்தாலியின் வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ விமானப் பொறியாளர். 1930-லேயே ஹெலிகாப்டர் ஒன்றைப் பறக்க வைத்தவர். மோட்டார் சைக்கிள் அவருக்குப் பிடிக்காது. சங்கிலி உடுப்பை அழுக்காக்கும், காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும், டயர் பஞ்சரானால் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று குறைகளை அடுக்குவார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பியாஜ்ஜோ கம்பெனியின் விமானத் தொழிற்சாலை குண்டுவீச்சில் சிதைந்து கிடந்தது, விமான வேலையும் இல்லை. அதன் முதலாளி என்ரிகோ பியாஜ்ஜோ, சாதாரண ஜனங்கள் வாங்கி ஓட்டக்கூடிய ஒரு வண்டி வேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் வேறொருவர் செய்து தந்த மாதிரி பிடிக்காமல் போய்த்தான் டஸ்கானியோவிடம் வேலை வந்தது.

மோட்டார் சைக்கிள் பிடிக்காதவரிடம் இரண்டு சக்கர வண்டி செய்யச் சொன்னால் என்ன செய்வார்? தனக்குப் பிடிக்காததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தார். சங்கிலி போயிற்று, இன்ஜின் நேராகப் பின்சக்கரத்தோடு சேர்ந்தது. தனிச் சட்டகம் போயிற்று. விமான உடம்பு மாதிரித் தகடே சட்டகமானது. முன்சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் ஃபோர்க் போய், விமானத்தின் இறங்கு சக்கரம்போல் ஒரு பக்கமாக மட்டும் பிடிப்பு வந்தது. கியர் கைப்பிடிக்கு ஏறியது. 1946 ஏப்ரல் 23-ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். முதல் வண்டி 98 சி.சி. இன்ஜினின் சத்தத்தையும், அகன்ற பின்புறத்தையும் ஒடுங்கிய இடுப்பையும் பார்த்து "குளவி மாதிரி இருக்கிறதே" என்று என்ரிகோ சொன்னதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி.

அடுத்த வருடம், 1947-இல், மிலான் நகரின் லாம்பிராத்தே பகுதியிலிருந்து லாம்பிரெட்டா என்ற போட்டி ஸ்கூட்டர் வந்தது. அதன் முதலாளி ஃபெர்டினாண்டோ இன்னொசென்டியின் தொழில் எஃகுக் குழாய். ஆகவே லாம்பிரெட்டாவின் முதுகெலும்பு குழாய். விமானக்காரர் தகட்டில் செய்தார், குழாய்க்காரர் குழாயில் செய்தார். வெஸ்பா ஆட்களும் லாம்பிரெட்டா ஆட்களும் இன்றைக்கு வரை சண்டை போடுகிற விஷயம், ஆரம்பத்தில் இரண்டு பேர் என்ன தொழில் செய்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

ஸ்கூட்டர் எந்த வேலைக்குப் போகிறவர்களுக்காகச் செய்யப்பட்டது?

வேலைக்குப் போகிற எல்லோருக்கும்தான். உடுப்பு கசங்காமல், கறை படாமல் போய்ச் சேர வேண்டும் என்பது அடிப்படை. முன்னால் உள்ள தகடு தெருத் தண்ணீரைத் தடுக்கும், இன்ஜின் மூடிக்குள் இருக்கும். பாவாடை கட்டியவரும் நீள அங்கி போட்ட பாதிரியாரும் ஏறி உட்காரலாம். 1948-இல் அதே குளவிக்கு மூன்றாவது சக்கரம் முளைத்துச் சுமை வண்டியானது. அதற்கு ஆபே, அதாவது தேனீ என்று பெயர். உழைக்கிற பூச்சி என்பதால் பொருத்தமான பெயர். 1956-இல் பத்து லட்சமாவது வெஸ்பா வெளியே வந்தது.

1960-களின் பிரிட்டனில் இதே வண்டியை 'மாட்' என்ற இளவட்டம் பிடித்துக்கொண்டது. அவர்களில் பெரும்பாலோர் அலுவலகத்திலும் கடைகளிலும் வேலை பார்த்தவர்கள். அளவெடுத்துத் தைத்த கோட்டு, அதில் தூசி படாமலிருக்க மேலே ராணுவப் பாணி நீள அங்கி, வண்டியில் ஒரு டஜன் கண்ணாடி, ஒரு டஜன் விளக்கு. சம்பளத்தில் பாதி உடுப்புக்கும் மீதி வண்டிக்கும் போயிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். இன்றும் எங்களில் சிலருக்கு அந்த வியாதி உண்டு.

ஒருவருடைய வண்டியைப் பார்த்தே அவருடைய வேலையைச் சொல்ல முடியுமா?

பல நேரங்களில் முடியும். பெயின்டைப் பார்த்தால் தெரியாது. பக்க மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

எலக்ட்ரீஷியனின் வண்டியில் ஒயர்கள் ஒரே திசையில், ஒரே இடைவெளியில் கட்டப்பட்டிருக்கும். ஹெட்லைட்டுக்குள் எல்லோருக்கும் இருக்கும் அந்தக் காக்கைக் கூடு அவருக்கு இருக்காது. தையல்காரர் இருக்கை உறையை வெளியே தைக்கக் கொடுத்திருக்க மாட்டார். பின்னால் முனை மடங்கும் இடத்தில் துணி சுருங்காமலிருக்க அவர் வெட்டிய வெட்டை ஒரு நாள் காட்டினார். சட்டையின் அக்குளில் வைக்கும் முக்கோணத் துண்டு அது. மென்பொருள்காரர் ஒவ்வொரு ஜெட் மாற்றத்தையும் (ஜெட் என்பது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும், துளையிட்ட பித்தளைத் துண்டு) அட்டவணையில் எழுதி வைத்திருப்பார். தேதி, வெயில், தீப்பொறி தரும் பிளக்கின் நிறம், எல்லாம். பிளக் செங்கல் பழுப்பாக இருந்தால் கலவை சரி, வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, ஈரக் கறுப்பாக இருந்தால் அதிகம். இதை மூன்று வண்ணக் கட்டங்களாகப் போட்டு வைத்திருக்கிறார். வண்டி ஓடுகிறதா என்று கேட்டால் "இன்னும் சோதனையில இருக்கு" என்பார். நாலு வருடமாக.

பல் மருத்துவரிடம்தான் நான் ஒரு முக்கியமான விஷயம் கற்றேன். கார்புரேட்டர் ஜெட்டின் துளை அடைத்தால் எல்லோரும் உடனே ஒரு கம்பியைத் தேடுவார்கள். நானும் அப்படித்தான், ஒரு ஊசியை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அவரிடம் முடியைவிட மெல்லிய கருவிகள் பெட்டி நிறைய இருக்கின்றன, ஒன்றைக்கூட எடுக்கவில்லை. ஜெட்டைக் கரைப்பானில் ஊற வைத்தார், காற்றடித்தார், வெளிச்சத்துக்கு எதிரே ஒற்றைக் கண்ணால் பார்த்தார், மறுபடி ஊற வைத்தார். "பித்தளை மெத்துனு இருக்கும். துளையில ஒரு கீறல் விழுந்தாலும் அளவு மாறிடும். அப்புறம் ஜெட்டு மேல எழுதியிருக்கிற நம்பர் பொய்." முக்கால் மணி நேரம் ஆனது. அதன் பிறகு ஒரே உதையில் வண்டி எடுத்தது.

மருந்தாளுநர் வேலை உங்களுக்கு எப்படி உதவியது?

உதவியது, காலையும் வாரியது. என் அலமாரியில் ஒவ்வொரு நட்டும் வாஷரும் சின்னப் பொட்டலத்தில், பெயர், தேதியோடு இருக்கும். டூ-ஸ்ட்ரோக் ஆயிலை மூடியில் ஊற்றிக் குத்துமதிப்பாகக் கலக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஊசி போடும் சிரிஞ்சில் அளந்துதான் ஊற்றுவேன். 2 சதவீதம் என்றால் லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டருக்கு 100. ஒரு மில்லி கூடாது, குறையாது.

முதல் வண்டி வெஸ்பா வகை, அதற்கு 2 சதவீதம் பழகியது. பிறகு 1960-களின் லாம்பிரெட்டா வகை ஒன்று வந்தது. அதே சிரிஞ்ச், அதே 20 மில்லி. மூன்றாவது நாள், ஏற்றத்தில் முழு வேகத்தில் போகும்போது இன்ஜின் சத்தம் இறுகியது. யாரோ தொண்டையைப் பிடித்த மாதிரி. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தது. கிளட்சைப் பிடித்ததால் விழவில்லை. பிஸ்டன் சூட்டில் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துவிட்டது. அந்த வயது இன்ஜினுக்கு 4 சதவீதம் ஊற்ற வேண்டும் என்று, வண்டியோடு வந்த, நான் பிரிக்காமல் அழகாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்த கையேட்டில் இருந்தது. ஆயிலை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, மெயின் ஜெட்டும் ஒரு அளவு சின்னது. ஆனாலும் என் கூட வேலை பார்க்கிறவர் சொன்னது இன்னும் உறுத்துகிறது: "அளவு சரி. சீட்டைத்தான் நீ படிக்கலை."

வேலையைச் சொன்னால் எல்லோரும் உதவி கேட்டுத் தொந்தரவு செய்வார்களே?

செய்வார்கள். பத்திர எழுத்தரிடம் பழைய வண்டிகளின் காணாமல் போன பதிவுச் சான்றுகள் வரிசையாக வந்து நிற்கும். என்னிடம் முதுகு வலிக்கு மாத்திரை கேட்பார்கள் (மருத்துவரைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன்). ஆனால் எல்லோரையும்விட அதிகம் தேடப்படுகிறவர் லேத்துக்காரர். எங்கள் கூட்டத்தின் முடிசூடா மன்னர் அவர்தான்.

ஏன் என்றால், பழைய வண்டியில் புதிதாக வாங்க முடியாத பொருள் ஒன்று எப்போதும் இருக்கும். பிளக் போகும் துளையில் மரை தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட், அதாவது சிலிண்டரின் மேல்மூடி, அலுமினியம்; பிளக் எஃகு. சூடான இன்ஜினில் அவசரமாகக் கழற்றி, கோணலாக மாட்டி இறுக்கினால் 14 மில்லிமீட்டர் மரை அத்தோடு போயிற்று. ஹெட்டையே தூக்கிப் போட வேண்டியதை, துளையைப் பெரிதாக்கி, உள்ளே எஃகில் ஒரு மரைக்கூடு வைத்து அவர் மீட்டுத் தருவார். இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கழற்றச் சுத்தியால் தட்டிக் கெடுத்தவர்கள் அவர் வாசலில் தலைகுனிந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். புல்லர் என்ற இழுகருவி போட்டு இழுக்க வேண்டியதை ஏன் தட்டினாய் என்று அவர் திட்டமாட்டார். அந்தப் பார்வை போதும்.

எங்களுக்குள் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய அறிவைக் கேட்கலாம். அவர் பிழைக்கும் கை வேலையை இலவசமாகக் கேட்கக் கூடாது. லேத்துக்காரரிடம் "இது சரியாகுமா?" என்று கேட்பது நட்பு. "சரி பண்ணிக் கொடுங்க" என்றால் காசு கொடுக்க வேண்டும்.

பழைய ஸ்கூட்டரில் தினமும் வேலைக்குப் போக முடியுமா?

முடியும். கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். டிக்கியில் ஒரு பிளக், பிளக் ஸ்பேனர், கிளட்ச் ஒயர் ஒன்று, கியர் ஒயர் ஒன்று, ஸ்க்ரூடிரைவர், கைதுடைக்கும் துணி. ஒயர் அறுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் அறும். நுனியில் ஒவ்வொரு இழையாகப் பிரிந்து முள் மாதிரி விரலில் குத்தும். குத்தின அன்றே மாற்றிவிடுங்கள். நேர்முகத் தேர்வு நாளில் மட்டும் வேறு வண்டியில் போங்கள். அனுபவத்தில் சொல்கிறேன்.

வாசனை ஒரு பிரச்சினைதான். ஆயில் கலந்த பெட்ரோல் புகை சட்டையில் ஒட்டிக்கொள்ளும். செவிலியர் தோழி ஒருவர் மருத்துவமனைக்குப் போய்த்தான் சீருடை மாற்றுவார். ஆனால் ஒரு நாள் மட்டும், இரவுப் பணி முடிந்து அவர் சீருடையோடே கிளம்ப நேர்ந்தது. விடிவதற்கு முன்னால், வழியில் பின்சக்கரம் பஞ்சர். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகளைக் கழற்றி, ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சீருடையில் முழங்காலில் மட்டும் வட்டமாக மண். தான் மோட்டார் சைக்கிளில் வெறுத்த அந்த பஞ்சர் குறைக்கு டஸ்கானியோ கண்ட தீர்வு அதுதான். காரில் மாற்றுவதுபோலச் சக்கரத்தையே மாற்றிவிடுவது.

இதில் ஒரு எச்சரிக்கை. இந்தச் சக்கரங்களின் ரிம் இரண்டு பாதியாக இருக்கும். சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டு வேறு, இரண்டு பாதியைச் சேர்த்துப் பிடிக்கும் நட்டு வேறு. டயரில் காற்று இருக்கும்போது இரண்டாவதைக் கழற்றினால் ரிம் பிளந்து அடிக்கும். காற்றை முழுக்க இறக்காமல் அதைத் தொடவே கூடாது.

டெலிவரி வேலை செய்கிறவர்களும் ஸ்கூட்டர் பிரியர்கள் என்று சொல்லலாமா?

சொல்லாவிட்டால் வெட்கக்கேடு. நாங்கள் ஒரு மாதத்தில் ஓட்டுவதை அவர்கள் ஓரிரு நாளில் ஓட்டுகிறார்கள். கியர் இல்லாத வண்டியில் கியருக்குப் பதிலாக வேலை செய்யும் வேரியேட்டரின் உருளைகள் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்தால் கிளம்பும்போது வண்டி நடுங்கும். பெல்ட் தேய்ந்தால் ஆக்ஸிலேட்டரைத் திருகினாலும் வேகம் ஏறாது. புத்தகம் பார்க்காமல், பிட்டத்தில் படும் அதிர்விலேயே அவர்கள் இதைச் சொல்வார்கள்.

அவர்களுக்கும் இரு சக்கர வரலாற்றில் பெரிய இடம் உண்டு. 1958-இல் வந்த ஹோண்டா சூப்பர் கப், ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி ஜப்பானில் நூடுல்ஸ் கொண்டு போகிற பையன்கள் மறுகையால் ஓட்ட முடிய வேண்டும் என்று யோசித்துச் செய்தது. அதனால்தான் அதில் கிளட்ச் பிடி கிடையாது, கியர் காலில். 2017-இல் அதன் உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. பெரிய சக்கரம் என்பதால் அதை ஸ்கூட்டர் என்று ஒப்புக்கொள்ளாத வைதீகர்கள் எங்களில் உண்டு. நான் அந்தச் சண்டைக்குப் போவதில்லை.

எனக்குத் தெரிந்த டெலிவரிக்காரர் ஒருவர், விடுமுறை நாளில் தன் பழைய கியர் வண்டியை எடுத்துக்கொண்டு எங்களோடு வருவார். வாரம் ஆறு நாள் ஓட்டிவிட்டு ஏழாவது நாளுமா என்று கேட்டேன். "அது போகச் சொன்ன இடத்துக்குப் போறது. இது சும்மா போறது" என்றார்.

இந்தப் பைத்தியத்தையே தொழிலாக்கிக்கொள்ளலாமா?

இதைக் கேட்காத ஸ்கூட்டர்காரர் இல்லை. அலுவலகத்தில் மேலதிகாரி ஏதாவது சொன்ன நாளில் அதிகம் கேட்பார்கள்.

சொந்த வண்டியைப் புதுப்பிக்கும்போது நேரத்துக்குக் கணக்கு கிடையாது. தரைத் தகட்டில் துரு இருக்கிறதா என்று ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதிலேயே உட்காரலாம். அடுத்தவர் வண்டி என்றால், அந்தத் துரு எதிர்பார்க்காமல் வந்த டிங்கரிங் வேலை. வண்டிக்காரருக்கு போன் செய்ய வேண்டும், அவர் "போன வாரமே முடியும்னீங்களே" என்பார். பட்டி பூசி மறைத்தால் ஆறு மாதத்தில் கொப்புளம் கிளம்பும். வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தால் நேரம் இரண்டு மடங்கு. வருமானம் வருவது பெரிய புதுப்பிப்பு வேலைகளில் இல்லை, அன்றாட சர்வீஸில்தான் என்று தொழிலுக்குப் போன இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

அந்த இருவரில் ஒருவர் நன்றாக இருக்கிறார். அவர் அதற்கு முன்னால் பத்து வருடம் கடைக் கணக்கு பார்த்தவர், பில் போடத் தெரியும். மற்றவர் எங்களில் மிகச் சிறந்த கை. இரண்டு வருடத்தில் திரும்ப வேலைக்குப் போய்விட்டார். தன் வண்டி தார்ப்பாய்க்கு அடியில் அவ்வளவு நாளும் தொடாமல் கிடந்தது என்று சொல்லும்போதுதான் அவர் முகம் கொஞ்சம் மாறியது.

ஆசை இருந்தால் வேலையை விடாமலே, சொன்ன தேதிக்குள், மூன்று அந்நியர்களின் வண்டியைச் செய்து கொடுத்துப் பாருங்கள். நண்பர்கள் வண்டி கணக்கில் வராது. மூன்றாவது வண்டியின் போதும் காலையில் எழுந்ததும் ஆசையாக இருந்தால் யோசிக்கலாம்.

வேலை போய்விட்டால் வண்டியை விற்றுவிட வேண்டுமா?

தேவைப்பட்டால் விற்க வேண்டியதுதான், இரும்புதானே. ஆனால் விற்கும்போது உறவுக்காரருக்கு விற்காதீர்கள், தினமும் பார்க்க வேண்டிவரும். எங்களில் ஒருவருக்கு அப்படி வேலை போனது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில், எதற்கும் ஆள் வைத்துச் செய்யாத கஞ்சர்கள்கூட, வண்டியின் ஒயரிங்கை மாற்றிக் கொடுக்கச் சொல்லி அவரிடம் காசு கொடுத்தார்கள். என் வண்டியின் ஒயரிங் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது.

அலுவலகத்தில் நம் ஸ்கூட்டர் பைத்தியத்தைச் சொல்லலாமா?

நகக்கண்ணில் கறுப்பு இருக்கிறதே, அதுவே சொல்லிவிடும்.

ஒருவருடைய வேலை தெரியாமலே வருடக்கணக்கில் பழக முடியுமா?

முடியும். என் போனில் பாதிப் பேர் வண்டியின் பெயரில்தான் இருக்கிறார்கள். 'பச்சை வண்டி' என்று ஒருவர், ஒன்பது வருடப் பழக்கம். எந்த வண்டி நின்று ஓடிக்கொண்டிருந்தாலும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, கண்ணை மூடிக் கேட்பார். "கிளட்ச் பக்கத்து பேரிங். இன்னும் ரொம்ப நாள் தாங்காது." பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். மெக்கானிக் என்றே எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

ஒரு முறை கார்புரேட்டர் கேஸ்கட் (கசிவைத் தடுக்கும் மெல்லிய அட்டை) ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டு, முதல் தடவையாக அவர் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் ஒரு பியானோ மூடி திறந்து, உள்ளே சுத்திகளும் கம்பிகளும் வெளியே தெரிய, பிரித்த இன்ஜின் மாதிரிக் கிடந்தது. கையில் சுருதிக் கவையோடு வந்தார். பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதுதான் அவர் தொழில், முப்பது வருடமாக.

"சொல்லவே இல்லையே?"

"நீங்க பேரிங்கைப் பத்தித்தானே கேட்டீங்க."

கேஸ்கட்டைத் தேடி எடுத்து, மடங்காமலிருக்க எதிலோ சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தேன். பியானோவுக்குள் ஒட்டுகிற கெட்டியான கம்பளித் துணி, சிவப்பு நிறம்.